உயிர்த்த ஆண்டவர் உணர்த்தும் உண்மை



பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் ஏற ஏற, நம் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பேச்சில் ஆவூர் என்ற பெயர் அடிபடத் தொடங்கிவிடும். "இந்த வருஷம் பாஸ்குக்குப் போறீங்களா?" என்று உறவினர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். விராலிமலைப் பக்கத்தில் உள்ள ஆவூர், இயேசு சபைக் குருக்களின் பழைய மறைப்பணித் தளங்களுள் ஒன்று. பூஷே அடிகளார் முதலில் அங்கே கோவில் எழுப்பினார். பிற்காலத்தில் 1747-ஆம் ஆண்டில் புதிய ஆலயம் கட்டப்பட்டது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அவ்வூரில் பணி செய்திருக்கிறார். ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி ஆண்டவருடைய பாடுகளின் நாடகமாகிய பாஸ்கு அங்கே நடைபெறுகிறது. அதைத் தொடர்ந்து தேர்த் திருவிழா நடைபெறுகிறது.

அப்படி ஓர் ஆண்டு பாஸ்கு பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்றாள். எப்போதும் அதிகம் பேசாத பிள்ளை அவள். அதற்கு முந்தின ஆண்டுதான் தகப்பனாரை இழந்திருந்தாள்.

"இயேசு சாமி மூணாம் நாள் திரும்பி வந்துட்டாரு. எங்க அப்பா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நானும் தினமும் வேண்டிக்கிறேன். அவர் ஏன் வரல?"

வகுப்பு முழுவதும் அமைதியாகிவிட்டது. நாமும்தான் அமைதியானோம். மறைக்கல்விப் புத்தகத்தில் உயிர்ப்பைப் பற்றிய பாடம் இருந்தது. அதை நாம் பல ஆண்டுகளாக நடத்தியும் இருந்தோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்களைப் பார்த்துச் சொல்வதற்கு அந்தப் பாடம் அப்போது கைகொடுக்கவில்லை. "நீ கேட்டது நல்ல கேள்வி, யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி அவளை உட்காரவைத்தோம். அன்று யோசிக்கத் தொடங்கியவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம். கிறிஸ்தவ மாணவியருக்கு இது தங்கள் விசுவாசத்தின் மையம். நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் இந்து, இசுலாமிய மாணவியருக்கும், தங்கள் தோழி எதை நம்புகிறாள் என்று தெரிந்துகொள்ள இது உதவும் அன்றோ?

மேடையில் காண்பதும் மறைநூலில் உள்ளதும்

பாஸ்கு மேடையில் உயிர்ப்புக் காட்சி எப்படி அமையும் என்பதை நாம் அறிவோம். இரவு முழுவதும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம், சிலுவைச் சாவைக் கண்டு கண்ணீர் விட்டிருக்கும். குழந்தைகள் தாயின் மடியில் உறங்கிப் போயிருப்பார்கள். திடீரென்று வெடி முழங்கும். ஒளி பாயும். கல்லறைக் கல் புரளும். காவலர் தலைகுப்புற விழுவார்கள். வெண்ணாடை அணிந்து, கையில் கொடி ஏந்தி ஆண்டவர் எழுந்து நிற்பார். உறங்கிய குழந்தைகள் விழித்துக் கைதட்டுவார்கள். நம் பங்குக் கோவில்களிலும், உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பின்போது மணிகள் ஒலிக்க, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் இதைப்போலவே ஒளியில் தோன்றக் காண்கிறோம்.

மனத்தில் பதிய வைக்கும் காட்சி அது. ஆயினும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு நற்செய்தியாளரில் ஒருவர்கூட அந்த நொடியை எழுதவில்லை! ஆண்டவர் கல்லறைக்குள் எப்படி உயிர்த்தெழுந்தார் என்பதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. மறைநூல் நமக்குச் சொல்வது இரண்டே செய்திகள்: கல்லறை வெறுமையாக இருந்தது; உயிர்த்தவரைப் பலர் சந்தித்தார்கள். நம் பாட்டிமார் சின்னப்பர் என்று சொல்லும் புனித பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தவரைக் கண்டவர்களை வரிசையாகச் சொல்லுகிறார். ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்கும் மேற்பட்டவர்கள் கண்டதாகவும், அவர்களில் பலர் தாம் எழுதும்போதும் உயிரோடு இருப்பதாகவும் குறிப்பிடுகிறார். நற்செய்தி நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே எழுதப்பட்ட கடிதம் அது.

ஆகவே, உயிர்ப்பு என்பது கல் புரண்ட காட்சியில் அடங்கிவிடுவது அன்று. உயிர்த்தவரைச் சந்தித்த மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதில்தான் அதன் பொருளைத் தேட வேண்டும்.

திரும்பி வருதல் வேறு, உயிர்த்தல் வேறு

நம் மாணவி "திரும்பி வந்துட்டாரு" என்று சொன்னாள். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெளியூர் சென்றவர் வீடு திரும்புவதுபோல இயேசு சாவிலிருந்து திரும்பிவிட்டார் என்று நினைக்கிறோம். இங்கேதான் நாம் தெளிவு பெற வேண்டும்.

திரும்பி வந்தவர்களும் நற்செய்தியில் உண்டு. யாயீர் என்பவருடைய மகளுக்கு வயது பன்னிரண்டு. ஏறக்குறைய உங்கள் வயதுதான். இறந்து கிடந்த அவளுடைய கையைப் பிடித்து எழுப்பிய இயேசு, உடனே அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகனைப் பாடையிலிருந்து எழுப்பித் தாயிடம் ஒப்படைத்தார். பெத்தானியாவில் நான்கு நாள் கல்லறையில் இருந்த லாசரை வெளியே வரச் செய்தார். இம்மூவரும் திரும்பி வந்தவர்கள். விட்ட இடத்திலிருந்து பழைய வாழ்வைத் தொடர்ந்தார்கள். அவ்வளவே. லாசர் மீண்டும் முதுமை அடைந்திருப்பார், மீண்டும் நோயுற்றிருப்பார், மீண்டும் ஒருநாள் இறந்திருப்பார். அவருடைய சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும் இரண்டாம் முறையும் கண்ணீர் வடித்திருக்கக்கூடும் அல்லவா?

இயேசுவின் உயிர்ப்பு அத்தகையது அன்று. அவர் சாவின் வாசலுக்குள் நுழைந்து அதே வாசல் வழியாகத் திரும்பி வரவில்லை. அதைக் கடந்து மறுபக்கம் சென்றார். இனி சாவு அவரைத் தீண்ட முடியாது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். பூட்டிய கதவுகளுக்கு உள்ளே அவர் சீடர் நடுவில் வந்து நின்றார். ஆனால் வெறும் ஆவியாக வரவில்லை; அவர்கள் கண் முன்னே மீன் துண்டை வாங்கி உண்டார். எம்மாவு என்னும் ஊருக்குச் சென்ற சீடர் இருவருடன் வழி நெடுகப் பேசி நடந்தார். அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். அதே இயேசுதான், ஆயினும் பழைய நிலையில் அல்ல. இதைத்தான் நம் முன்னோர் "சரீர உத்தானம்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லி வந்தனர். இன்று நாம் "உடலின் உயிர்ப்பு" என்கிறோம்.

'உடல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆன்மா மட்டும் எங்கோ மிதந்து செல்லும் என்று திருச்சபை போதிக்கவில்லை. நம்மைத் தூக்கி வளர்த்த கைகள், நமக்காக நடந்து தேய்ந்த கால்கள், நம்மைப் பார்த்துச் சிரித்த முகம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய முழு மனிதரையே இறைவன் எழுப்புவார் என்பதே நம் விசுவாசம். ஆகையால்தான் பசித்தவருக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பது நமக்கு வெறும் சமூக சேவையாக மட்டும் இருப்பதில்லை. இறைவன் எழுப்பப்போகும் உடலுக்கு நாம் செய்யும் மரியாதை அது. சிறுமியை எழுப்பிய கையோடு அவளுடைய பசியையும் ஆண்டவர் நினைத்தார் என்பதை மறவாதீர்கள்.

நெற்றும் தென்னையும்

இது எப்படி நடக்கும் என்ற கேள்வி கொரிந்து நகரத்தாருக்கும் எழுந்தது. அதற்குப் புனித பவுல் வயலிலிருந்து பதில் எடுத்தார். விதைப்பது விதையை, முளைத்து வருவது விதையைப் போன்றதன்று, ஆனாலும் அந்த விதையிலிருந்தே வந்தது என்றார்.

நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பிள்ளைகள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னைகளும் பலா மரங்களும் ஓர் இரவில் சாய்ந்து கிடந்தன. வேரோடு சாய்ந்த தென்னை மீண்டும் எழாது. எத்தனை கண்ணீர் விட்டாலும் அது திரும்ப நிமிராது. அதை அறுத்து அகற்றத்தான் வேண்டும்.

ஆனால் பிறகு என்ன செய்தார்கள்? நல்ல நெற்றாகத் தேர்ந்தெடுத்து மண்ணில் புதைத்து, தண்ணீர் விட்டுக் காத்திருந்தார்கள். நெற்று பல வாரங்கள் அசையாமல் கிடக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. தன்னிடம் உள்ள பருப்பையும் நீரையும் முளைக்கு ஊட்டி நெற்று தன்னையே தீர்த்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் பச்சைக் குருத்து வெளியே தலை நீட்டும். நெற்றைப் பார்த்தவர் எவரும், அதற்குள்ளே அறுபதடி உயர மரம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? ஆயினும் அது வேறொரு மரம் அன்று. அந்த நெற்றின் மரமே.

சாய்ந்த மரத்தை மீண்டும் நிமிர்த்தி வைப்பது லாசர் பெற்ற வாழ்வு போன்றது. அடுத்த புயலில் அது மறுபடி விழும். நெற்றிலிருந்து எழும் மரமோ, ஆண்டவருடைய உயிர்ப்பை நமக்கு ஓரளவு காட்டுகிறது. ஓரளவு என்றுதான் சொல்கிறோம். தென்னையும் ஒருநாள் பட்டுப்போகும், உயிர்த்தவரோ இனி இறப்பதில்லை.

மறையாத காயங்கள்

உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எளிதில் தாண்டிச் சென்றுவிடும் செய்தி ஒன்று உண்டு. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன!

சாவையே வென்றவருக்குத் தழும்புகளை அகற்றுவது பெரிய காரியமா? அவர் அகற்றவில்லை. தாம் யார் என்பதைச் சீடருக்கு உணர்த்த அவற்றையே காட்டினார். நம் நாட்டின் அப்போஸ்தலராகிய புனித தோமையார் நம்ப மறுத்தபோது அந்தக் காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைத்தார். சென்னையில் சாந்தோம் ஆலயத்தில் யாருடைய கல்லறையை வணங்குகிறோமோ, அவருடைய விசுவாசம் காயத்தைக் கண்டு பிறந்த விசுவாசம் ஆகும்.

திருவிழிப்பு இரவில் புதுத் தீயிலிருந்து ஏற்றப்படும் பாஸ்காத் திரியை அருகில் சென்று பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு சிலுவை; மேலும் கீழும் அகரமும் னகரமும்; நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் எண்கள். அவற்றோடு, சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகளைக் குரு பதிப்பார். அவை ஆண்டவருடைய ஐந்து காயங்களைக் குறிப்பவை. உயிர்ப்பின் ஒளியாக உயர்த்தப்படும் திரியிலும் காயங்கள் இருக்கின்றன. மகிழ்ச்சியின் இரவில் திருச்சபை துன்பத்தை மறைத்து வைப்பதில்லை.

இதன் பொருளை நம் காலத்தில் வேதனையோடு கற்றுக்கொண்டவர்கள் இலங்கை மக்கள். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு காலையில், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் மாண்டவர்களில் சிறு பிள்ளைகள் பலர். கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் இருந்த உயிர்த்த ஆண்டவரின் வெண்ணிறச் சுரூபத்தின் மீது மக்களின் இரத்தம் தெறித்திருந்த படத்தை அன்று உலகம் முழுவதும் கண்டது. உயிர்ப்பு நாளிலேயே இப்படி நடந்தால் உயிர்ப்பை எப்படி நம்புவது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு அந்த ஆலயக் கதவுகள் மீண்டும் திறந்தன. மக்கள் வந்து முழந்தாளிட்டார்கள். தங்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு அவர்கள் வரவில்லை. பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

காயம் இல்லாத உயிர்ப்பைக் கிறிஸ்தவம் அறியாது. இழந்தவரை மறந்துவிடு, அழாதே என்று உயிர்ப்பு நமக்குச் சொல்லவில்லை. லாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவே அவருடைய கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். பிறகு நாம் யார், ஒரு பிள்ளையிடம் அழாதே என்று சொல்ல?

பெயர் சொல்லி அழைத்தார்

உயிர்த்தவரை முதலில் சந்தித்தவர் யார்? திருத்தூதர் பேதுருவா? அன்புச் சீடர் யோவானா? இல்லை. இருட்டு விலகும் முன்பே கல்லறைக்கு வந்து அழுதுகொண்டு நின்ற ஒரு பெண். மதலேன் மரியாள் என்று நம் வீடுகளில் வழங்கப்பெறும் மகதலா மரியா.

யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். தம் எதிரே நின்றவரை அவள் தோட்டக்காரர் என்று நினைத்தாள். வெறுமையான கல்லறை அவளுக்கு விசுவாசம் தரவில்லை. வானதூதரைக் கண்டும் அவள் அழுகை நிற்கவில்லை. ஆண்டவர் அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தார். ஒரே சொல். அந்தக் குரலில் அவரை அறிந்துகொண்டாள்.

அக்காலத்து யூத சமூகத்தில் வழக்குகளில் பெண்ணின் சாட்சியம் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. பெண்கள் ஓடிவந்து சொன்னபோது திருத்தூதர்களும் அதை வெறும் பிதற்றலாகவே எண்ணினார்கள் என்று லூக்கா ஒளிவு மறைவின்றி எழுதுகிறார். அப்படியிருந்தும் உலகின் மிகப் பெரிய செய்தியை ஆண்டவர் ஒரு பெண்ணிடமே ஒப்படைத்தார். ஆகவேதான் அவளைத் திருத்தூதர்களுக்கே திருத்தூதர் என்று திருச்சபை போற்றி வந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22-ஆம் நாளில் வரும் அவளுடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழாவின் நிலைக்கு உயர்த்தினார். பெண் பிள்ளைகளின் பள்ளியில் படிக்கும் நாம் இதைப் பெருமையோடு நினைக்க வேண்டாமா? "பொம்பளைப் பிள்ளை சொல்லு எடுபடுமா?" என்று யாராவது கேட்டால், உயிர்ப்பின் முதல் சாட்சி யார் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.

அந்தத் திருத்தந்தையே 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, நோயால் தளர்ந்திருந்த உடலோடு மாடத்தில் தோன்றி உலகுக்கு ஆசீர் வழங்கினார். மறுநாள் காலையில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கடைசி ஆசீர் உயிர்ப்பு விழாவின் ஆசீராகவே அமைந்துவிட்டது.

நம்முள் நிகழ வேண்டிய உயிர்ப்பு

உயிர்ப்பு என்பது இறந்த பிறகு மட்டும் கிடைக்கும் பரிசா? இல்லை. நாம் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றபோதே கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டு அவரோடு எழுந்தோம் என்று புனித பவுல் கற்பிக்கிறார். திருவிழிப்பு இரவில் நாம் எல்லோரும் கையில் மெழுகுதிரி ஏந்தி ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது அதனால்தான். அன்றாட வாழ்வில் இது எப்படி இருக்கும்?

பேதுருவைப் பாருங்கள். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் கரி நெருப்பருகே குளிர் காய்ந்துகொண்டு, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்தவர் அவர். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவருக்காக மீண்டும் ஒரு கரி நெருப்பை மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். உண்ட பிறகு மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டார். மறுத்தது மூன்று முறை. அன்பைச் சொல்லவும் மூன்று வாய்ப்பு. பேதுரு செய்த தவறு அழிக்கப்படவில்லை. அந்தத் தவறின் மீதே புதிய வாழ்வு எழுப்பப்பட்டது. தேர்வில் தோற்றவள், தோழியைப் பற்றிப் பொய் சொன்னவள், தாயிடம் கடுஞ்சொல் பேசிவிட்டு இரவெல்லாம் தூங்காதவள் ஆகிய எவளுக்கும் அந்தக் கரி நெருப்பருகே இடம் உண்டு.

நம் புதுக்கோட்டை மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். 1886-ஆம் ஆண்டு இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நீங்கள் அறிவீர்கள். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பெற்றுப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய தங்கை புற்றுநோயால் துன்புற்று இளம் வயதில் இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத வேதனை அவரை விட்டு நீங்கவில்லை. அந்தக் காயத்தை அவர் மறைக்கவில்லை. அதிலேயே முடங்கிவிடவும் இல்லை. பல ஆண்டுகள் விடாமல் முயன்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படச் செய்தார். அவருடைய தங்கை திரும்பி வரவில்லை. ஆனால் அந்தத் தங்கையின் பொருட்டு எத்தனை எத்தனை பேர் தங்கள் வீட்டுக்குத் திரும்பிச் சென்றிருக்கிறார்கள்!

அம்மையார் கிறிஸ்தவர் அல்லர். அவரை நம் சமயத்துக்குச் சொந்தம் கொண்டாட நாம் எண்ணவில்லை. ஆனால் காயம் குணமளிக்கும் ஊற்றாக மாற முடியும் என்பதை அவர் வாழ்வில் காணும்போது, உயிர்த்த ஆண்டவரின் கைத்தழும்புகள் நம் நினைவுக்கு வருகின்றன. நல்லது எங்கிருந்தாலும் அங்கே இறைவன் செயல்படுகிறார் என்று நம்புவது நம் விசுவாசத்துக்கு ஏற்றதே.

தேர் வீதிக்கு வருகிறது

இனி அந்த எட்டாம் வகுப்பு மாணவிக்கு நாம் சொன்ன பதில்.

சில வாரங்கள் கழித்து அவளை அழைத்து உட்காரவைத்துப் பேசினோம். "உன் தகப்பனாரின் அடக்கத் திருப்பலியில் பெட்டியருகே உயரமான ஒரு திரி எரிந்துகொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். தலையசைத்தாள். "அதுதான் பாஸ்காத் திரி. நீ குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது, அதிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியை உனக்காகக் கையில் பிடித்திருந்தவர்களில் உன் அப்பாவும் இருந்திருப்பார். பிறப்பிலும் இறப்பிலும் எரிவது ஒரே விளக்கு. உன் அப்பா பழைய வாழ்வுக்குத் திரும்பி வரமாட்டார், அம்மா. அப்படி வந்தால் மறுபடியும் நோயும் மறுபடியும் சாவும்தானே? இயேசு எந்தப் பக்கம் கடந்து போனாரோ அந்தப் பக்கம் அவரும் போகிறார். உன் பெயரை மறந்துவிட்டு அல்ல. மரியாவைப் பெயர் சொல்லி அழைத்தவர், உன் அப்பாவையும் பெயர் சொல்லி எழுப்புவார், உன்னையும் எழுப்புவார். அதுவரைக்கும் அழுகை வந்தால் அழு, ஆண்டவரும் அழுதிருக்கிறார்."

அவள் அழுதாள். பிறகு, "அம்மாவிடம் இதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். உயிர்ப்பின் செய்தியை எடுத்துக்கொண்டு ஓடிய முதல் பெண்ணின் நினைவு அப்போது நமக்கு வந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, தாயும் மகளும் மாலையும் மெழுகுதிரியும் கொண்டுவந்து கல்லறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்ததைக் கண்டோம். பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த வேறொரு கல்லறையின் புல்லையும் அந்தப் பிள்ளை கொத்திக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டோம். "தெரியாது, யாரும் வரல போல" என்றாள். தன் மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்து அங்கேயும் ஏற்றி வைத்தாள். மறைக்கல்விப் பாடத்தை அவள் நம்மைவிட நன்றாகப் படித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆவூரில் பாஸ்கு முடிந்ததும் விழா முடிந்துவிடுவதில்லை. தேர் புறப்படுகிறது. மேடையில் இரவெல்லாம் கண்ட மறைபொருள், பகல் வெளிச்சத்தில் மக்கள் குடியிருக்கும் வீதிக்கு வருகிறது. தேர் தானாக நகராது. பல கைகள் சேர வேண்டும். உயிர்ப்பும் அப்படித்தான். கோவிலுக்குள் மணி ஒலித்ததோடு நின்றுவிட்டால் அது காட்சி மட்டுமே. துக்க வீட்டுக்குச் சென்று உடன் உட்கார்ந்திருப்பதிலும், மன்னிப்புக் கேட்பதிலும், மன்னிப்பதிலும், படிப்பை நிறுத்திவிட்ட தோழியை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருவதிலும் நாம் கை கொடுக்கும்போது அது நம் தெருவுக்கு வருகிறது.

அன்பு மாணவியரே! உங்கள் காயங்களைக் கண்டு வெட்கப்படாதீர்கள். ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. எழுந்திருங்கள், உங்கள் அருகில் விழுந்து கிடப்பவளுக்கும் கை கொடுங்கள். உயிர்த்த ஆண்டவரின் அமைதி நம் பள்ளியிலும், நம் இல்லங்களிலும், நம் நாட்டிலும் நிலைத்திருப்பதாக!